ராஜா கட்டிய பள்ளிவாசலில் நான் கட்டிய கதை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே காட்டுவதற்குத்தான் முகம் இல்லை. அங்கு சம்பந்தியம்மாவின் தும்மல் நின்றதா என்று அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ராஜா காலத்துப் பள்ளிவாசலுக்குள் நடந்தது, வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்ட உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. முழங்கால் தெரிந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்பது தெரியாமல், மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த அரைக்கால் சட்டையோடு வந்துவிட்டேனா, வாசலில் கணுக்கால் வரை மூடும் வெள்ளை அங்கி ஒன்றை இரவல் கொடுத்தார்கள். போட்டதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. தூணருகே நின்ற என்னை அங்கே பொறுப்பில் இருப்பவன் என்று நினைத்து, வெளியூர்க் கூட்டம் ஒன்று இதைக் கட்டியது யார் என்று கேட்டது. நான் அவன் இல்லை என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. வாசல் பலகையில் படித்ததைச் சொன்னேன். ராஜா தன் தகப்பனார் நினைவாகக் கட்டியது, அவருக்கென்று தனி வாசல் உண்டு, ஆனால் தொழும்போது எல்லோரோடும் ஒரே வரிசையில்தான் நிற்பார் என்றேன். பலகை தீர்ந்துவிட்டது, கூட்டம் தீரவில்லை. ரிட்டயர் ஆனபிறகு நான் பேசுவதை யார் காது கொடுத்துக் கேட்டார்கள், நீங்களே சொல்லுங்கள். விட மனசு வரவில்லை. ராஜா இந்த மண்டபத்துக்கு முதுகைக் காட்டியதே இல்லை, பின்னோக்கி நடந்துதான் வெளியேறுவார், நாமும் அப்படித்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்கள், சம்பந்தி.

கூட்டம் மொத்தமும் கைகட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தது. முற்றத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் குளத்தின் விளிம்பில் சம்பந்தியம்மா மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்கொண்டு எழுதக் கை கூசுகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் அண்ணா, அந்த ராஜாவுக்கு நீச்சல் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. ஓடிவந்த நிர்வாகி, செருப்பைக் கழற்றி, உடம்பை மூடி, தொழுகிறவருக்குக் குறுக்கே போகாமல், சத்தம் போடாமல் இருந்தால் போதும், வேறு விதியே கிடையாது என்று அத்தனை பேர் முன்னிலையிலும் எனக்குச் சொன்னார். இவ்வளவு அமளியிலும் தொழுதுகொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.

நேற்று என் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க பேசிட்டுப் போயிடறீங்க. இந்த வீட்டுல இருக்க வேண்டியது நான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது முழுக்க நான், அவளை ஒரு சொல் சொல்லிவிடாதீர்கள். இனி சரித்திரம் என்று வாய் திறக்க மாட்டேன். இது சத்தியம்.

சம்பந்தியம்மாவிடம் என் மன்னிப்பை, அவர்கள் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லவும். பிள்ளைகள் இருவரும் நம்மால் ஒரு குறையும் இல்லாமல் வாழட்டும்.

உங்கள் முன் நிற்க வெட்கப்படும்,
சம்பந்தி

பி.கு.: அன்றைய அவசரத்தில் அங்கியோடேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் வழியில் அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையில் வைத்திருந்தால் கசங்குமே என்று போட்டுக்கொண்டு போனேன். வாசலில் ஒரு கூட்டம் நின்றது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம், இந்த முறை நான் யாரையும் பின்னோக்கி நடக்கச் சொல்லவில்லை. பக்கவாட்டில்தான் நடந்தார்கள்.