பழசா புதுசா, நடுவுல ஒரு வளைகாப்பு

ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கும்மிடிப்பூண்டி கம்பெனியில இருந்து கிளம்பி, மத்தியான சாப்பாட்டு நேரத்துக்குள்ள கடம்பத்தூர் போய்ச் சேரணும்.

அங்க எங்க வீட்டுல என் பொண்டாட்டி ரேவதிக்கு வளைகாப்பு. முடிஞ்சதும், ராகு காலத்துக்கு முன்னாடி திருநின்றவூர்ல இருக்கற அவங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் குழந்தையோடதான் திரும்பி வருவா.

லீவு கேட்டேன். சூப்பர்வைசர், "லோடு போவணும்பா. ஆள் மாத்திக்கினு போ" என்றார்.

நான் பிளாஸ்டிக் மூடி செய்யற மெஷின்ல ஆபரேட்டர். அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து மெஷின்கிட்ட நின்னாதான் நான் கேட்டைத் தாண்ட முடியும். அந்த அடுத்த ஷிஃப்ட் ஆள், பிரபு.

எனக்கும் பிரபுவுக்கும் ஒரே ஒரு பகை. ஒரு ஜப்பான் மங்கா! அம்மாவை இழந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர் மலையைத் தாண்டிப் போற படக்கதை. அதை ரெண்டு தடவை அனிமேவா, அதாவது கார்ட்டூன் தொடரா, எடுத்துட்டாங்க. பழசு எடுக்கும்போது மங்கா பாதிதான் வந்திருந்தது. அதனால முடிவை அவங்களே சொந்தமா வச்சுட்டாங்க. புதுசு, மங்காவுல இருக்கறபடியே எடுத்தது.

நான் பழசு கட்சி. பிரபு புதுசு.

"ரெண்டும் ஒரே கதைதான மாமா? அப்புறம் இன்னாத்துக்கு சண்டை?"ன்னு ரேவதி ஒரு நாள் கேட்டா. விலாவாரியா விளக்கினேன். துரதிர்ஷ்டவசமா, அவ கவனமா கேட்டுக்கிட்டா.

வளைகாப்பு விஷயத்தைச் சொன்னதும் பிரபு, "காலீல பத்து மணிக்கே வந்துடறேன் மச்சி. ஆனா நீ புதுச முழுசா பாத்துட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

ஒரு வார்த்தைதானே! கம்பெனி பஸ்ல போகும்போதும் வரும்போதும் பார்த்து முடிச்சேன்.

ஞாயித்துக்கிழமை சொன்னபடி வந்தான். கையுறை மாட்டிக்கிட்டே கேட்டான்.

"இன்னா, பாத்தியா?"

"பாத்தேன். நல்லாருக்கு."

அதோட கிளம்பியிருக்கணும். கால் திரும்பிடுச்சு. வாய்தான் திரும்பல.

"ஆனா..."

"இன்னா ஆனா?"

"அம்மா ஆக்கி வச்சுட்டுப் போன சோத்தைத் தம்பி சாப்பிடற சீன் இருக்கே? பழசுல அது ஒரு முழு எபிசோடு. புதுசுல அரை நிமிஷம்!"

"மங்கால அது ஒரே பக்கம்டா! எபிசோடு பூரா சோறு துன்னுகினு இருந்தா கதை எப்போ நவுர்றது?"

"அவசரப்பட்டா துக்கம் எப்படிடா தெரியும்?"

அவசரத்துல இருந்தவன் நான். அவசரமே கூடாதுன்னு வாதாடினவனும் நான்.

"சரி, கதையில இல்லாத முடிவ இவனுங்களே செஞ்சு வச்சானுங்களே, அது இன்னா நியாயம்?"

"அந்த முடிவுதான்டா அழகு!"

இந்த நேரத்துல மெஷினை யாரும் பாக்கல. மேல கொட்டியிருந்த பிளாஸ்டிக் குருணை தீர்ந்துட்டிருந்தது. மூடியெல்லாம் அரையும் குறையுமா விழுந்து, நல்ல மூடியோட கலந்துபோச்சு.

சூப்பர்வைசர் வந்தார். கூடையைப் பார்த்தார்.

"யாரு ஷிஃப்ட்ல நடந்தது இது?"

நான் பிரபுவைக் காட்டினேன். பிரபு என்னைக் காட்டினான்.

"ரெண்டு பேரும் குந்திகினு பொறுக்கி எடுங்க. அப்புறம்தான் கேட்டு தொறக்கும்."

"சார், என் பொண்டாட்டிக்கு வளைகாப்பு சார்!"

"பேசிக்கினு இருந்தப்போ தெரியலையா?"

உட்கார்ந்தோம். அப்போவாவது வாயை மூடிட்டுப் பொறுக்கியிருக்கலாம். ஒவ்வொரு மூடியா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டே, எதுல பின்னணி இசை நல்லாருக்குன்னு பேசினோம்.

வெளிய வந்து லாக்கர்ல இருந்து போனை எடுத்தா, திரை முழுக்க ரேவதியோட மிஸ்டு கால். கடைசியா ஒண்ணு மாமியார்.

பஸ் பெரியபாளையத்துல கோயில் கூட்டத்துல மாட்டிக்கிச்சு. பழைய அனிமே மாதிரி ஒரே இடத்துல நின்னுச்சு. முதல் தடவையா எனக்கு அது பிடிக்கல.

கடம்பத்தூர் வீட்டு வாசல்ல சமையல் அண்டாவைக் கழுவிட்டிருந்தாங்க. கார் தயாரா நின்னுச்சு. உள்ள ரேவதி, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல்.

"வாங்க மாப்ள, நாஷ்டா ஆச்சா?"ன்னு மாமியார் கேட்டாங்க. அப்போ சாயங்கால டீ நேரம்.

கார் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். பொய் எதுவும் தோணல. பிரபு, சோறு சீன், மூடி, எல்லாத்தையும் சொன்னேன். "உன் கையில ஒரு வளையலாவது நான் போட்டு விடணும்னு ஆசையா இருந்தேன்டி"ன்னும் சொன்னேன்.

ரேவதி பொறுமையா கேட்டுட்டுச் சொன்னா.

"கதைப்படி நீ காலீல கெளம்பி மத்தியானம் வந்து சேர்ற. நீயே சொந்தமா ஒரு முடிவு வச்சுக்கினு சாயங்காலம் வந்து நிக்கற. அழகா இருக்குதா மாமா?"

கார் கிளம்பிடுச்சு. தெருமுனை வரைக்கும் வளையல் சத்தம் கேட்ட மாதிரியே இருந்தது.

அங்கேயே நின்னு பிரபுவுக்கு மெசேஜ் போட்டேன்: "புதுசுதான் நல்லாருக்கு."

இந்தத் தடவை பின்னாடி ஒரு 'ஆனா' போடல.