சாவிச்சாமியின் கறுப்பு வில்லை

சாவிச்சாமியின் வாசலில் காலை ஆறரைக்கே வரிசை தொடங்கிவிடும். ஏழு மணிக்குள் அது மருந்துக்கடையைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, பல் வைத்தியர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல் வலியோடு வந்த இருவர் தவறிப்போய் இந்த வரிசையில் நின்று, வலி குறைந்துவிட்டது என்று திரும்பிப் போனதாகக்கூடப் பேச்சு. கூட்டம் சேர்ந்துவிட்டால் பேச்சுக்கா பஞ்சம்?

நிற்பவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. பெட்டியின் மூலையில் ஒரு துளை. துளையிலிருந்து ஓர் ஒயர் புறப்பட்டுக் காதில் முடியும். வங்கிக்காரர், மருந்தாளர், பள்ளி ஆசிரியர் என்று படித்த கூட்டம்தான். பெட்டியைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

இவர்களுக்கு வந்த கேடு இதுதான். பாட்டு, படம், பாடம் எல்லாவற்றையும் ஒரு கையடக்கக் கருவிக்குள் போட்டு விற்ற கம்பெனி ஒன்று இருந்தது. அதை நகல் எடுக்க முடியாது. வேறு கருவிக்கு மாற்ற முடியாது. திருட்டைத் தடுக்க உள்ளே ஒரு பூட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அந்தப் பூட்டு இணையம் வழியாகக் கம்பெனியைக் கூப்பிட்டு, "இவர் காசு கொடுத்தவர்தானா?" என்று கேட்கும். கம்பெனி ஆமாம் என்று சொன்னால் அந்த மாதம் பாட்டு கேட்கலாம். மார்ச் மாதக் கடைசியில் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆமாம் சொல்ல ஆள் இல்லை. காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் திருடர்களானார்கள். விளம்பரத்தில் 'ஆயுள் முழுக்க உங்களுக்கே' என்று போட்டிருந்தது உண்மை. யாருடைய ஆயுள் என்று போடவில்லை.

அப்போது தோன்றியவர்தான் சாவிச்சாமி. வெள்ளை மேலங்கி. கழுத்தில் பழைய சாவிகள் கோத்த சங்கிலி. அந்தச் சாவிகளில் ஒன்றாவது எந்தக் கதவையாவது திறக்குமா என்று யாரும் கேட்டதில்லை. செத்துப்போன கம்பெனியின் பார்வை கருவியின் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது என்பது அவர் சொன்ன விளக்கம். அவர் கருவியை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். கொஞ்சம் முணுமுணுப்பு கேட்கும். மூன்று நிமிடத்தில் பாடிக்கொண்டே வெளியே வரும். கருவிதான், அவரல்ல. கருவித்திரையின் வலது மேல் மூலையில் ஒரு கறுப்பு வில்லை ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது. கருவியைத் தகரப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. பதினெட்டாம் நாள் மறுபடி வர வேண்டும். காணிக்கையை மறக்கக் கூடாது.

அன்று அந்த வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். கணவர் இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று அவர் குரல் சொன்னால் ஆயிரம் பேர் மூட்டையோடு ஓடுவார்கள். சனவரியில் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒன்றாகக் கொண்டுபோய்விட்டது. மருத்துவர் பேச்சுப் பயிற்சியைச் சொன்னார். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், இடையில் விட்டால் மீட்பது கடினம் என்றும் சொன்னார். அவள் அந்தக் கம்பெனியிடமே நாற்பது பாடங்கள் கொண்ட கருவியை வாங்கினாள். பத்தொன்பது பாடம் முடிந்தது. இருபதாம் பாடத்தைத் தொட்ட அன்று திரையில் ஒரு பூட்டின் படம் வந்து உட்கார்ந்தது.

அதன்பிறகு வீட்டில் சத்தமே இல்லை. அவர் சன்னலைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பாள்.

சாமியிடம் கூட்டிக்கொண்டு வந்தது அவருடைய தங்கை. முதல் தடவை கருவி திறந்தது. ஒரு வாரத்தில் மனைவி மறதியாகப் பெட்டிக்கு வெளியே வைத்துவிட, பூட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை பதினெட்டு நாள் ஓடியது. அந்த நாட்களில் சாமியின் கட்டளைப்படி ஒலியைக் குறைத்து, பெட்டிக்குள் வைத்துக் கேட்டதில் பாதி காதிலேயே விழவில்லை; இருபதாம் பாடத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது. தினமும் காலையில் அவர் பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். திறந்தால், இடது கை ஆள்காட்டி விரலால் அந்தக் கறுப்பு வில்லையைத் தட்டுவார். மறுபடி மறுபடி தட்டுவார். முகம் சுருங்கும்.

தங்கை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணன் வில்லையைக் கும்பிடுறார் பாருங்க அண்ணி. அவருக்கே நம்பிக்கை வந்துடுச்சு."

அண்ணி வில்லையின் ஓரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் அவள். தேதி எழுதாத புட்டியை அலமாரியில் ஏற்றமாட்டாள். எழுதிய தேதியின் மேல் யாராவது வேறு சீட்டை ஒட்டினால், முதலில் அதைத்தான் சுரண்டிப் பார்ப்பாள். ஆய்வகத்தில் அப்படி. கணவனின் பேச்சு அந்தக் கருவிக்குள் அடைபட்டிருக்கும்போது சுரண்டக் கை வரவில்லை. பயம் யாரை விட்டது?

மூன்றாவது தடவையாக இன்று, தங்கையும் கூட வந்திருந்தாள். சாமி மூன்று நிமிடத்தில் கருவியோடு வெளியே வந்தார். இருபதாம் பாடம் ஒலித்தது. புது வில்லை பளபளத்தது. ஆனால் இம்முறை சாமி உபதேசமும் வைத்திருந்தார். அறிவிப்பாளரைக் காட்டி, அறைக்குள் இருந்த முப்பது பேரும் கேட்கும்படி சொன்னார்: "இந்த ஆளு மனசுல நம்பிக்கை இல்லம்மா. கருவி மேல இருக்கிற பூட்டுதான் இவர் வாய் மேலயும் இருக்கு. இப்படியே இருந்தா கடைசி வரைக்கும் பேச்சு வராது."

கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. குற்றவாளியைப் பார்க்கும் பார்வை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நோயாளியே நோய்க்குக் காரணம் என்று சொல்வதில் ஒரு வசதி உண்டு. மருந்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளர் இடது கையை நீட்டினார். வில்லையைத் தட்டினார். ஒரு முறை, இரு முறை.

அப்போதுதான் அவர் மனைவிக்கு உறைத்தது. பத்தொன்பதாம் பாடம் தேதி சொல்லிப் பழகும் பாடம். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவள், "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்பாள். அவர் கருவியின் வலது மேல் மூலையைப் பார்த்துப் படிப்பார். அந்த மூலையில்தான் இப்போது வில்லை இருந்தது. மனிதர் கும்பிடவில்லை. தன் தேதியைத் தேடியிருக்கிறார்.

"சாமி, இந்த வில்லைக்கு அடியில என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"பிச்சா நாப்பது பாடமும் போயிடும். அப்புறம் எங்கிட்ட அழுதுகிட்டு வரக் கூடாது."

அவள் விரல் நடுவழியில் நின்றது. போய்விட்டால்? கருவி பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தது.   வில்லையைத் தொட்டது அவளல்ல, கணவர். அவர் இடது கட்டைவிரல் நகத்தை வில்லையின் ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பில் உரித்துப்போட்டார்.

ஒன்றும் போகவில்லை. இருபதாம் பாடம் அதன் பாட்டுக்கு ஓடியது.

அவள் வழக்கமாகக் காலையில் கேட்கும் அதே குரலில் கேட்டாள்: "இன்னைக்கு என்ன தேதி?"

அவர் மூலையைப் பார்த்தார். உதடு இரண்டு முறை வெறுமனே அசைந்தது. "மா... மார்ச். பதி... பதினாலு." பிறகு மடியில் கிடந்த வரிசைச் சீட்டைப் பார்த்தார். சாமியின் ஆளே காலையில் முத்திரை குத்திக் கொடுத்தது. ஜூன் இருபது என்று இருந்தது. அவர் சாமியை நிமிர்ந்து பார்த்து, ஒரு சொல்லைத் தெளிவாகச் சொன்னார்.

"தப்பு."

அடுத்த நிமிடம் அறை முழுக்க நகத்தால் சுரண்டும் சத்தம். சாமி கையிலிருந்து திரும்பிய கருவிகள் எல்லாவற்றிலும் மார்ச் பதினாலு. அதே நாள். பதினெட்டு நாள் முடிந்து இன்று வந்திருந்த கருவிகள் எல்லாவற்றிலும் ஏப்ரல் ஒன்று. அந்தத் தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பெட்டியை விட்டு எடுத்த பாவத்துக்காகத் திட்டு வாங்கிய தையற்காரரின் கருவி மட்டும், இணையத்தைப் பிடித்துத் தன்னைத் திருத்திக்கொண்டு, ஜூன் இருபது என்று சரியாகக் காட்டியது. சரியாக இருந்ததுதான் அது செய்த பாவம்.

அவள் தன் கருவியின் அமைப்புகளைத் திறந்தாள். தேதியை ஜூனுக்குக் கொண்டுபோனாள். பூட்டின் படம் வந்தது. கம்பெனி கடைசியாக ஆமாம் சொன்ன மார்ச்சுக்குக் கொண்டுவந்தாள், பாடம் பேசியது. மறுபடி ஜூன், மறுபடி மார்ச். எல்லோரும் பார்க்கும்படி நான்கு முறை செய்தாள். பிறகு 'தேதியைத் தானாக மாற்று' என்ற இடத்தில் ஓர் அமுக்கு அமுக்கி அதை அணைத்தாள். தகரப் பெட்டியின் வேலை அத்தோடு முடிந்தது.

"ஒன்னாம் தேதி வச்சிருந்தா மாசம் பூரா ஓடியிருக்குமே சாமி," என்றாள். "ஏன் பதினாலு?"

சாமி சாவிச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டார். மாதம் ஒரு முறை வரும் பக்தனைவிடப் பதினெட்டு நாளுக்கு ஒரு முறை வரும் பக்தன் மேல் என்பதை அவர் எப்படிச் சொல்வார்? ஆனாலும் அசரவில்லை. "காலத்தையே பின்னுக்குத் திருப்பியிருக்கேன். அது சாதாரணப்பட்டவன் செய்யிற காரியமா?"

வங்கிக்காரர் தலையை ஆட்டினார். சாமி அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனவர்தான். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியும், ஒரு தாள் கறுப்பு வில்லைகளும் இருந்தன.

இத்தோடு கதை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் கலையவில்லை, திரும்பியது. மருந்தாளர் தன் பெட்டியை அவள் முன்னால் பயபக்தியோடு நீட்டினார்.

"உங்க கையாலயே அமுக்கிக் குடுங்கம்மா."

"எதுக்கு? மூணு அமுக்குதான். உங்களுக்கும் விரல் இருக்குல்ல?"

"இருந்தாலும் உங்க கை ராசி..."

அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையாகிவிட்டார்கள். தங்கைகூட ஒரு பெட்டியோடு நின்றாள். இவ்வளவு பேரில் ஒருவராவது, இந்தப் பூட்டை முதலில் போட்டது யார், நம் காசுக்கு ஏன் அவன் அனுமதி என்று கேட்டிருக்கலாம். திறந்தவன் போலி என்று தெரிந்த கோபத்தில் பூட்டியவனை மறந்துவிட்டார்கள்.

வரிசையின் வால் இதற்குள் தெருவின் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு புதுக் கம்பெனி அன்று கடை திறந்திருந்தது. புதுக் கருவி, புதுப் பூட்டு. வாசலில் பெரிய பலகை: 'ஆயுள் முழுக்க உங்களுக்கே.' வங்கிக்காரர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே முதல் ஆளாக நின்றார்.

அறிவிப்பாளர் சன்னல் வழியாக அந்தப் பலகையைப் படித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொண்டையைச் செருமினார். ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த குரல் எங்கோ தொலைவில் கிளம்பி, தடுக்கித் தடுக்கி வந்தது.

"பய... பயணிகளின்... கனிவான... கவனத்துக்கு."

தெரு முழுக்க ஒரு கணம் நின்றது. பழக்கம். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாயைத் திறந்தார், தேடினார், மூடிக்கொண்டார். எதிர்ப்பக்க வரிசை மறுபடி நகரத் தொடங்கியது.

அந்த அறிவிப்பின் மீதியைச் சொல்ல அவருக்கு இன்னும் இருபத்தொரு பாடம் வேண்டும். கேட்டுப் புரிந்துகொள்ள நமக்கு எத்தனை வேண்டுமோ.