சகலன் வீட்டு வாசலில் ஒரு கூடாரம்

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். கோபத்தைக் கைவிட மனமில்லாமல், வீட்டையே காரில் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய ஒரே மனிதர், நாங்கள் 'வெள்ளவத்தைச் சுற்றுநிருபம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தவர்தான். பிரித்தானிய சாம்ராஜ்யம் முழுவதும் தேடினாலும் இன்னொருவர் அகப்பட்டிருக்க மாட்டார். இப்போது சாம்ராஜ்யமே இல்லை, ஆகவே தேடிப் பயனுமில்லை.

வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டாத காலம் அது. கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் அவர் தலைமைக் கிளார்க், நான் கடைசிக் கிளார்க். குடியிருப்பும் ஒரே ஒழுங்கையில். கந்தோருக்கு வருகிற சுற்றுநிருபம் என்கிற சுற்றறிக்கைகள் போதாமல் அவர் தானும் எழுதுவார். வீட்டிலும் எழுதி ஒட்டுவார். 'இலக்கம் 14: தேங்காய் துருவும்போது கதைத்தல் தவிர்க்கப்படவேண்டும்' என்று குசினிக் கதவில் ஒன்று கிடந்தது. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அதைக் கிழித்து அடுப்பு மூட்டுவார். இவர் அடுத்ததை ஒட்டுவார். எதற்கும் மூன்று பிரதி வைத்திருக்கிற ஆள்.

கோபத்தின் கதை இதுதான். அவர் வெள்ளவத்தையில் வீடு கட்டிக் குடிபூரல் வைத்தபோது, கந்தோர்த் துரைக்கென்று கூடத்தின் நடுவில் ஒரு குஷன் கதிரை போட்டு வைத்திருந்தார். அக்காவின் தமக்கையும் தமக்கை புருஷனும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். அந்தச் சகலன் அங்கே பள்ளிக்கூட வாத்தியார், யாழ்ப்பாணத்து ஆள்தான். பயணக் களைப்பில் மனுஷன் நேரே வந்து குஷன் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"எழும்பும். அது துரைக்குப் போட்டது."

"துரை வந்தாப் பிறகு எழும்புறன்."

"வந்தாப் பிறகு எழும்பினா கதிரை சூடாக் கிடக்குமெல்லோ!"

அவ்வளவுதான். சகலன் எழும்பினார், சால்வையை உதறித் தோளில் போட்டார். "இனி உம்மட முகட்டுக்குக் கீழ நான் நிக்க மாட்டன்" என்றார். இவர் விடுவாரா? "உம்மட முகட்டுக்குக் கீழ நானும் நிக்க மாட்டன். ஒரு சொட்டுத் தண்ணியும் உம்மட வீட்டில குடியன்" என்று நூறு பேருக்கு முன்னால் சத்தியம் பண்ணினார். துரை கடைசிவரை வரவேயில்லை. அந்தக் கதிரையில் பிறகு பூனைதான் படுத்தது.

இரண்டு ஆண்களின் வாய்க்கொழுப்பால் இரண்டு பெண்கள் பதினொரு வருஷம் முகம் பார்க்கவில்லை. கடிதம் மட்டும் போய்வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சுற்றுநிருபம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்த கடிதத்தைப் படித்துவிட்டு அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். தமக்கைக்கு ஒரு கண் போய்விட்டது. மற்றதும் மங்கி வருகிறது, டாக்டர் கையை விரித்துவிட்டார். 'தங்கச்சியின்ர முகத்தை ஒருக்காப் பார்த்திட்டா எனக்குக் காணும்' என்று எழுதுவித்திருந்தா.

"நீர் போய்ப் பார்த்திட்டு வாருமன்" என்றார் சுற்றுநிருபம், முகட்டைப் பார்த்துக்கொண்டு.

"தனியவோ? அக்கா 'எங்கையடி அவர்' எண்டு கேட்டா என்ன சொல்லுறது? நீங்கள் வந்தா நான் போவன். இல்லாட்டி இப்பிடியே கிடப்பம்."

"சத்தியம் பண்ணிப் போட்டன், இஞ்சாரும்."

"உங்கட சத்தியத்தைக் கொண்டுபோய் உப்புப் போட்டு ஊற வையுங்கோ!" என்று அக்கா எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு என் தட்டில் மீன் குழம்பு அரைவாசியோடு நின்றுவிட்டது. எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த கிழமை துரை சீமை லீவு முடிந்து வந்தார். காரைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்சில் இறக்கி, ஒரு மாதம் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் திரிந்தாராம். ஹோட்டல் இல்லை, சொந்தக்காரர் இல்லை, ஒரு வீட்டு வாசலும் மிதிக்கவில்லையாம். நாங்கள் எல்லோரும் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். சுற்றுநிருபம் மட்டும் பேயறைந்த மாதிரி நின்றார்.

"தம்பி, கேட்டீரோ? ஒரு வீட்டு முகட்டுக்குக் கீழயும் நிக்கேல்லையாம்!"

பின்னேரமே துரையிடம் கூடாரத்தையும், கார்ப் பயணக்காரருக்கான ஒரு வழிகாட்டிப் புத்தகத்தையும் இரவல் வாங்கிவிட்டார். ஒரு பழைய குட்டிக் காரும் வந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஓட்டுறது கிளார்க் வேலை, பின்னால இருந்து ஓடர் போடுறதுதான் உத்தியோகம்" என்றார். ஆகவே கிளார்க் நான் ஓட்டவேண்டும் என்று முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை.

ஒத்திகையாக அவர் தன் வீட்டு முற்றத்தில் கூடாரம் அடித்து மூன்று நாள் குடியிருந்தார். ஒழுங்கை முழுவதும் வந்து பார்த்தது. ரொட்டி விற்கிற பாண்காரன் கூடையை இறக்கி வைத்து, "மஹத்தயா, கெதர இட நெத்த?" என்று, வீட்டில் இடமில்லையா என மெய்யான கவலையோடு கேட்டான். எதிர்வீட்டு ஹாஜியார் சமாதானம் பேசவே வந்துவிட்டார். "ஊட்டுக்குள்ள என்ன சண்டையும் இருக்கட்டும், ஆம்பிள இப்பிடி வெளிய கிடந்தா நல்லா இல்ல. நான் பேசித் தாறன், வாங்க." அக்கா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "அவர் அங்கேயே இருக்கட்டும் ஹாஜியார், வீடு இப்பதான் வடிவாக் கிடக்கு" என்றார். ஆனால் கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

காரை ரயிலில் ஏற்றி, நாங்கள் மூவரும் தலைமன்னார் போய்ச் சேர்ந்தோம். இறங்குதுறையில் காருக்கு வடம் பூட்டி, பாரந்தூக்கியால் தூக்கிக் கப்பலில் வைப்பார்கள். எல்லாரும் இறங்கிவிட்டோம், இவர் இறங்கவில்லை.

"ஐயா, இறங்குங்கோ! காரைத் தூக்கப் போறம்!"

"ஏற்றும்போது உரிமையாளர் வாகனத்தை விட்டு விலகக்கூடாது. பதினேழாம் பக்கம்" என்று புத்தகத்தை ஜன்னலால் நீட்டினார். தூக்குகிறவர்களுக்கு வாசிக்க நேரமில்லை, தூக்கிவிட்டார்கள். கார் அந்தரத்தில் காற்றுக்கு மெல்லச் சுழன்றது. உள்ளே சுற்றுநிருபம் நேரே பார்த்தபடி, தொப்பி கழற்றாமல், தேசாதிபதி ஊர்வலம் போகிற மாதிரி இருந்தார். அக்கா இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு, "கேதீஸ்வரா, இந்த மனுஷனை ஒரு துண்டா இறக்கிவிடு" என்று கும்பிட்டார். ஒரு துண்டாகத்தான் இறக்கினார்கள். ஆனால் கடலைக் கடந்து முடியும்வரை அவர் முகத்தில் நிறம் திரும்பவில்லை.

தனுஷ்கோடிச் சுங்கத்தில் சாமான் பட்டியல் கேட்டார்கள். மூன்று பிரதியும் கொடுத்தார். முதலாவது வரியே 'வீடு - ஒன்று (துணி)'. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன விஷயமா வர்றீங்க?"

"மச்சாளைப் பார்க்க."

"அவங்க வீட்ல தங்க இடம் இல்லையா?"

"இடம் இருக்கு. அதுதான் பிரச்சினை."

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முத்திரை குத்தினார். கலியாணமானவராக இருக்கவேண்டும்.

காரை மறுபடி ரயிலில் வைத்து மண்டபம் ஸ்டேஷனில் இறக்கி, நான் ஓட்டத் தொடங்கினேன். நூறு யார் தூரம்கூடப் போகவில்லை. "வலப்பக்கம் எடும்!" என்று பின்னாலிருந்து சத்தம்.

"ஏன் அண்ணை?"

"கப்பலால் இறங்கியதும் வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்லவேண்டும் எண்டு புத்தகத்தில கிடக்கு."

"அது பிரான்சுக்கு அண்ணை! இஞ்சையும் வெள்ளைக்காரன்ர ராச்சியம்தானே. இடப்பக்கம்தான்!"

"புத்தகம் எழுதினவன் மடையனோ? எடும் தம்பி வலப்பக்கம்!"

தலைமைக் கிளார்க் சொன்னால் கடைசிக் கிளார்க் என்ன செய்வது? எடுத்தேன். ராமநாதபுரம் தாண்டுமட்டும் தெய்வமே என்று ஒருவரும் எதிரில் வரவில்லை. அதற்கப்பால் ஒரு வளைவில் வைக்கோல் வண்டி ஒன்று நேரே வந்தது. நான் சக்கரத்தை ஒடித்தேன், கார் தெருவோரப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

"என்னய்யா, ரோட்டப் பாத்து வரமாட்டீகளா?" என்று வண்டிக்காரர் கத்தினார். இவர் இறங்கிப் போய் அவருக்குப் புத்தகத்தைக் காட்டினார். அவர் அதை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மாட்டைப் பார்த்தார். நல்ல மனுஷன், காரை வெளியே எடுக்க அவர்தான் உதவினார். நெம்புவதற்கு ஒரு கட்டை வேண்டியிருந்தது. கூடாரத்தின் நடுக்கம்பை உருவிக் கொடுத்தோம். கார் ஏறிவிட்டது. கம்பு இரண்டாக முறிந்துவிட்டது.

"ஐயோ, கம்பு!" என்றேன்.

"பரவாயில்லை, வேறை வாங்கலாம்" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு மதுரைவரை நான் இடப்பக்கமாகவே ஓட்டினேன், அவர் புத்தகத்தை மடியில் மூடி வைத்துவிட்டார். வழியில் ஒரு இடத்திலும் பொருத்தமான கம்பு கிடைக்கவுமில்லை.

மத்தியானம் சகலன் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினேன். தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் வெறும் நிலம். அக்கா கார் நிற்கமுன்பே இறங்கி உள்ளே ஓடிவிட்டார். சகலன் வெளி விறாந்தையில் பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். சுற்றுநிருபம் அவரைக் காணாதவர்போல நாடாவை எடுத்து, வீட்டு எல்லையிலிருந்து அளந்து, முளைகளை அடிக்கத் தொடங்கினார். நாலு மூலையும் கட்டினோம். நடுவில் துணி தொய்ந்து நிலத்தில் கிடந்தது.

அப்போது அக்கா வெளியே வந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்காவுக்கு என்னைத் தெரியேல்லை. உள்ளுக்க இருட்டு, என்ர முகத்தைத் தடவித் தடவிப் பாக்கிறா. வெளியில கூட்டிவந்தா வெய்யில் கூசிக் கண்ணைத் திறக்கேலாதாம். இவ்வளவு தூரம் வந்து... இஞ்சாருங்கோ, பிந்திப் போனம்."

சுற்றுநிருபம் சுத்தியலோடு நின்றார். அந்த மனுஷனை அப்படி ஒருநாளும் நான் கண்டதில்லை. எழுத ஒரு கட்டளையும் இல்லாமல், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "கூடாரமும் எழும்பேல்லை" என்றார் மெதுவாக. "கூடாரம் இல்லாட்டி நான் எங்க நிக்கிறது? வாரும், திரும்புவம்" என்று கார்ப் பக்கம் திரும்பினார்.

விறாந்தையில் பத்திரிகை மடிந்தது. சகலன் வீட்டுப் பின்பக்கம் போய், முருங்கைக்காய் பறிக்கிற நீண்ட தடியோடு வந்தார். ஒருவரையும் பார்க்காமல் துணிக்குள் புகுந்து, தடியை நடுவில் ஊன்றி நிமிர்த்தினார். கூடாரம் எழுந்தது. தடிக்குப் பொருத்து ஒன்றுமில்லை, விட்டால் விழுந்துவிடும், அதனால் உள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உள்ள நிக்கிறவரிட்டச் சொல்லும், கொஞ்சம் இடப்பக்கம் சரிக்கச் சொல்லி."

"தம்பி, வெளியில நிக்கிறவரிட்டச் சொல்லும், எனக்குக் கண் தெரியுமெண்டு."

"ஐயா, நீங்கள் இப்ப இவற்ற முகட்டுக்குக் கீழயெல்லோ நிக்கிறியள்" என்றேன், வாய் சும்மா கிடக்காமல்.

"துணிக்கு ஏது முகடு?" என்றது உள்ளிருந்து குரல்.

"வீடு எண்டுதான் சுங்கத்தில எழுதிக் குடுத்தனான்" என்றார் வெளியில் நின்றவர். சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டார்: "மச்சாள்! வாங்கோ, எங்கட வீட்டுக்கு வாங்கோ!"

அக்கா தமக்கையைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். தமக்கை கண்ணை இறுக்க மூடியபடி தெருவெளியைக் கடந்து, குனிந்து கூடாரத்துக்குள் வந்து, பாயில் இருந்தா. மத்தியான வெய்யில் வெள்ளைத் துணியால் வடிந்து, உள்ளே கூசாத வெளிச்சமாக நிறைந்திருந்தது. கண்ணைத் திறந்தா. பிறகு அக்காவின் நாடியைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினா.

"எடியே... உனக்கு நரைச்சுப் போச்சடி!"

அக்கா சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒன்றாகச் செய்தார். "தெரியுதோ அக்கா? தெரியுதோ?"

"எல்லாம் தெரியுதடி. கன்னம் வத்திப் போச்சு. இந்த மனுஷன் உனக்குச் சாப்பாடு போடுறேல்லையோ? அசையாமல் இரு, பாப்பம். வடிவாப் பாத்து முடியட்டும்."

சகலன் நடுவில் தடியைப் பிடித்தபடி நின்றார். இரண்டு கையும் தடியில் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. வெளியே சுற்றுநிருபம் கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். அதையே ஏழெட்டுத் தரம் செய்தார்.

ஆறு நாள் இருந்தோம். தினமும் காலையில் தமக்கையான பெரியக்கா தங்கச்சி வீட்டுக்கு வந்து, வெய்யில் சாயும்வரை தங்கச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பா. தடியைச் சகலனும் நானும் மாறி மாறிப் பிடித்தோம். இரண்டு ஆண்களும் கடைசிவரை என் மூலமாகத்தான் கதைத்தார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்த வருஷம் வெள்ளவத்தைக்குச் சகலனின் கையெழுத்திலேயே கடிதம் வந்தது. பெரியக்காவுக்குப் பார்வை முற்றாகப் போய்விட்டது. சுற்றுநிருபம் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினார். அக்கா அழத் தொடங்கியதும் பக்கத்தில் நிலத்திலேயே போய் இருந்தார். கடிதத்தை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"அழாதையும். உம்மட முகத்தை அவ ஆறு நாள் பாத்து வச்சிட்டா. இனி அதை ஒருத்தரும் எடுக்கேலாது."

நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சத்தம் காட்டாமல் வெளியே வந்துவிட்டேன். அந்த மனுஷனுக்கு நான் பிறகு எத்தனை தரம் கார் ஓட்டினேன் என்று கணக்கில்லை. இன்றைக்குக் கூப்பிட்டாலும் ஓட்டுவேன், வலப்பக்கம் எடுக்கச் சொன்னாலும்.