கொல்லைக்குத் துணை

"ராத்திரிக்கு அஞ்சு வாட்டி! நான் என்ன உனக்கு வாட்ச்மேனா? டார்ச் புடிச்சே கை தேஞ்சு போச்சுடி!"

அப்பாதுரை போட்ட கூச்சல் உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"கொல்லைல பாம்பு கெடக்குது. பொண்டாட்டிக்குத் தொணைக்கு வர இவ்ளோ பேச்சா?" ஆண்டாளும் விடவில்லை.

அவள் வியாதி தெருவுக்கே மனப்பாடம். அவள் வேலை பார்க்கும் உப்பளத்தில் ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. அதனால் பகலெல்லாம் சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் அரைக் குடம் குடிப்பாள்; மேலே கருவாட்டுக் குழம்பு. கழிவறையோ கொல்லைக் கோடியில். ராத்திரி முழுக்க ஊர்வலம்தான்.

"சாயங்காலம் தண்ணியத் தொடாத!" என்று அப்பாதுரை சட்டம் போட்டான். மூன்றாம் நாள் ஆண்டாள் உப்புப் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். நீர்க்கடுப்பு வேறு. அஞ்சு ஏழாயிற்று.

நர்ஸ் ரேணுகா வந்து கத்தினாள். "பகல்லயே பிரிச்சுப் பிரிச்சுக் குடி, அக்கா. உப்பக் கொற. சாயங்காலம் கால ஒசத்தி வையி, வீக்கம் வடியட்டும். ரெண்டு பேரும் சுகர் டெஸ்ட் எடுங்க."

"எனக்கெதுக்கு? நான் கல்லு மாதிரி இருக்கேன்!" அப்பாதுரை எகிறினான்.

பகலில் குடித்தால் எங்கே ஒதுங்குவது? ஆண்டாள் நேராக முதலாளி ராஜாங்கத்திடம் போனாள். "கக்கூஸ் கட்டுறீங்களா, இல்ல உங்க உப்புலயே உக்காரட்டுமா?"

மறுவாரமே தகரக் கழிவறை எழுந்தது. கடுப்பு போயிற்று, கால் வீக்கம் வடிந்தது. ஏழு மறுபடி அஞ்சாயிற்று; அந்த அஞ்சு மட்டும் குறையவில்லை.

"யாரோ உலுக்கின மாதிரி முழிப்பு வந்துடுதுய்யா."

"முழிச்சிட்டல்ல? வா, போய்த் தொலைப்போம்!" அதற்குள் டார்ச்சோடு நிற்பான். விடிந்ததும் அதே கூச்சல். "உன்னால என் தூக்கமே போச்சு!"

ஒரு நாள் ஆண்டாளுக்கும் பொறுக்கவில்லை. "இனிமே நல்லா நீட்டிப் படுத்துத் தூங்குய்யா!" என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு மகள் பிரியங்கா வீட்டுக்கே குடி போய்விட்டாள். பிரியங்காவை இரும்பை கிராமத்தில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அங்கே என்ன அதிசயமோ, படுத்தால் விடிந்துதான் எழுந்தாள். சம்பந்தியம்மா காபியோடு எழுப்ப வேண்டியிருந்தது.

நாலாம் நாள் காலை போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ்.

"அக்கா, நீ மொதல்ல கெளம்பி வா! ராத்திரிக்கு அஞ்சு வாட்டி உம் புருஷன் என் கதவத் தட்டி, 'அவசரம்டா, தனியாப் போவ பயமா இருக்குது, கொல்லைக்குத் தொணைக்கு வாடா'ன்னு உசுர எடுக்கிறாரு!"