ஒரு நிமிட மௌனம், இரண்டாவது டேக்

மௌனத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. நான் சினிமாவில் ஒலிப்பதிவாளன். ஒரு காட்சி எடுத்து முடிந்ததும், "யாரும் அசையாதீங்க!" என்று கத்துவேன். ஐம்பது அறுபது பேர் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள். ஒருவர் கையில் ஏணி இருக்கும், ஒருவர் வாயில் பாதி பிஸ்கட் இருக்கும். அந்த இடத்தின் மௌனத்தை ஒரு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்வேன். சமையலறை மௌனம் வேறு, மருத்துவமனை மௌனம் வேறு. பின்னால் எடிட்டர் ஒரு வசனத்தை வெட்டி எறிந்தால் அங்கே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை இந்த மௌனத்தால் மூடிவிட்டால், எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று படம் பார்ப்பவருக்குக் கடைசிவரை தெரியாது.

இதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம். விசாரணைக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் படத்தில் உடைப் பிரிவில் வேலை செய்த பெண் ஒருத்தி, டைரக்டர் மீது புகார் கொடுத்துவிட்டாள். கேரவனுக்குக் கூப்பிட்டு, கதவைப் பூட்டி, தவறாக நடந்துகொண்டார் என்று ஒன்றரைப் பக்கம். அந்தப் பெண்ணை யூனிட்டில் 'ஊக்கு' என்றுதான் கூப்பிடுவோம். எந்நேரமும் உதடுகளுக்கு நடுவில் நாலைந்து ஊக்குகளைக் கவ்விக்கொண்டு யாருடைய சட்டையையாவது பிடித்துக்கொண்டிருப்பாள். அவள் அதிகம் பேசி யாரும் கேட்டதில்லை. டைரக்டரை எல்லோரும் 'அப்பா' என்போம். அவரைவிட எட்டு வயது மூத்த லைட்மேனும் அப்படித்தான் கூப்பிடுவார்.

குழுவுக்குத் தலைவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் சினிமாச் சங்கத்தில் பெண்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அனுபவம் வேண்டுமே! ஆகவே பதினெட்டுப் படங்களில் நீதிபதியாக நடித்த அம்மாவைப் போட்டார்கள். சொந்தச் சுத்தியலோடு வந்தார். உறுப்பினர்கள் இருவர், கதாசிரியரும் எடிட்டரும். இருவருமே அப்பாவிடம் பன்னிரண்டு வருடமாக வேலை பார்ப்பவர்கள். இரண்டு பக்கமும் அறிந்தவர்கள் என்று நியமனக் கடிதத்தில் இருந்தது. ஒரு பக்கத்தை நன்றாகவே அறிந்தவர்கள்.

விசாரணையின் கண்ணியத்தை முன்னிட்டு, சத்தம் வெளியே போகாத டப்பிங் தியேட்டரில் கூடினோம்.

"ஆர்டர்! ஆர்டர்!" என்று நீதிபதியம்மா மேசையில் தட்டினார். அறையில் யாரும் பேசவில்லை. தட்டினால்தான் அவருக்கு வசனம் வரும். "சொல்லும்மா. பயப்படாம சொல்லு."

ஊக்கு வாயிலிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டுப் பட்டையில் குத்தினாள். பிறகு சொன்னாள். நான்கு நிமிடம் ஆனது. சொல்லி முடித்ததும் கதாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலையில பத்தரை மணின்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"பகல்ல நடக்கிற மாதிரி வெச்சா எடுபடாதும்மா. மழை பெய்ஞ்சுதா?"

"இல்ல சார்."

"இடியாவது?"

"ஏசி ஓடிட்டிருந்துச்சு."

கதாசிரியர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஏசியை வெச்சு என்ன பண்றது?"

எடிட்டர் புகாரைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார். "எனக்கு நீளம்தான் பிரச்சினை. முதல் பக்கத்துல விஷயமே வரல. கோட் தைக்கிறாங்க, பட்டன் போடுறாங்க. இதையெல்லாம் தூக்கிட்டு நேரா பூட்டின கதவுல ஆரம்பிக்கலாம். இல்லன்னா பூட்டின கதவைத் தூக்கிட்டு கோட்டோட முடிச்சிடலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு."

"அப்பா கேரக்டர் ஒட்டவே இல்ல" என்றார் கதாசிரியர். "திடீர்னு கெட்டவரா மாறுறார். அவர் ஏன் அப்படிப் பண்ணார்னு ஒரு பின்கதை இருக்கா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? அவரைக் கேளுங்க."

அந்த யோசனை குழுவுக்கு உடனே பிடித்துவிட்டது. அப்பாவை அழைத்தார்கள். அவர் வந்ததும் குழு எழுந்து நின்றது. எழுந்து நிற்கக்கூடாது என்று நடுவில் ஞாபகம் வந்ததால், எழுந்ததற்குக் காரணம் வேண்டி நீதிபதியம்மா மேசை விரிப்பைச் சரி செய்தார். எடிட்டர் நாற்காலியைத் துடைத்தார். நான் மைக்கை நகர்த்தி வைத்தேன்.

"என்னைப் போய்..." என்று ஆரம்பித்த அப்பாவுக்குக் குரல் உடைந்தது. "இந்தப் பிள்ளைங்க எல்லாம் என் பிள்ளைங்க." மறுபடி உடைந்தது. அவருக்கு எங்கே உடைய வேண்டுமோ அங்கே உடையும். கதாசிரியர் மூக்கைச் சிந்தினார்.

"யுவர் ஆனர்" என்றார் எடிட்டர், நீதிபதியம்மாவைப் பார்த்து. அவரும் அதை மறுக்கவில்லை. "யூனிட்ல நானூறு பேர் இவரை அப்பான்னு கூப்பிடறாங்க. இதைப் பதிவு பண்ணிக்கணும்."

பதிவு செய்துகொண்டேன். தீர்மானம் ஒன்று: மேற்படி நபர் மேற்படி நானூறு பேருக்கும் தந்தை ஸ்தானத்தில் உள்ளவர் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டதால், புகாரில் கண்ட சம்பவம் முறைப்படி நடந்திருக்க வாய்ப்பில்லை.

"சாட்சி இருக்கா?" என்றார் நீதிபதியம்மா.

அன்று படப்பிடிப்பில் இருந்த அனைவரிடமும் ஏற்கனவே எழுதி வாங்கியிருந்தோம். கேமராமேன் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்திருந்தார், மறு கண்ணை வழக்கப்படி மூடியிருந்தார். லைட்மேன் விளக்கைப் பார்த்திருந்ததால் அவருக்கு ஒரு மணி நேரம் எதுவுமே தெரியவில்லை. டான்ஸ் மாஸ்டர் கேரவனுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, அந்தக் கேரவனுக்கு முதுகைக் காட்டித்தான் பல வருடங்களாக நிற்பதாக எழுதியிருந்தார்.

"பார்த்தவங்க இல்ல மேடம்" என்றாள் ஊக்கு. "கேட்டவர் ஒருத்தர் இருக்கார்."

இங்கே நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஹீரோ கோட்டுக்குள் சின்ன மைக் ஒன்றை ஒளித்து வைப்போம். தினமும் காலையில் அதைக் குத்திவிடுவது ஊக்குதான். குத்தியதும் மைக்குக்கு அருகில் வாயை வைத்து, "சவுண்ட் அண்ணா, கேக்குதா?" என்பாள். அரங்கின் மறு மூலையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் நான் கட்டைவிரலை உயர்த்துவேன். ஒரு நாளும் தவறியதில்லை. அன்று பத்தரை மணிக்கு அந்தக் கோட் அவள் கையில் இருந்தது. கேரவனுக்குள்ளும் இருந்தது. பூட்டு விழும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு அவள் மூன்று முறை, "அண்ணா, கேக்குதா?" என்றாள்.

காட்சிக்குத் தேவையில்லாத ஒலி வந்தால், அந்த மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பட்டனைக் கீழே இறக்க வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். இறக்கினேன்.

ஊக்கு இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

கதாசிரியர் முந்திக்கொண்டார். "சினிமாங்கிறது காட்சி ஊடகம்மா. பார்த்தவர்தான் சாட்சி. குரலை யார் வேணா மாத்தலாம். நாங்க தினமும் மாத்துறோமே!"

"தவிர, செயலாளர் குறிப்பு எடுக்கலாம், வாய் திறக்கக்கூடாது" என்றார் எடிட்டர். "விதி இருக்கு."

அப்படி ஒரு விதி இல்லை. அன்று சாயங்காலம் நான்தான் தட்டச்சு செய்து சேர்த்தேன்.

விசாரணை முடியும்வரை ஊக்குவின் பாதுகாப்பு கருதி அவளுக்கு எந்தப் படத்திலும் வேலை தரக்கூடாது என்று தீர்மானம் இரண்டு. விசாரணை எப்போது முடியும் என்று தீர்மானிக்கத் துணைக்குழு அமைப்பது என்று தீர்மானம் மூன்று.

மறுநாள் என் அறைக்கு வந்தாள்.

"அந்தப் பதிவு உங்ககிட்ட இருக்காண்ணா?"

"பார்க்கிறேன்மா."

"பார்க்க வேணாம். ஒரு தடவை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. எனக்கு இந்த வேலை மட்டும்தான் தெரியும்ணா."

பதிவு இருந்தது, நான் பட்டனை இறக்கியது வரைக்கும். 'தேவையற்றவை - 17' என்று பெயரிட்டு வைத்திருந்தேன். ஒன்று முதல் பதினாறு வரை என்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அவளும் கேட்கவில்லை.

இதற்குள் விஷயம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. சங்கம் கொதித்தெழுந்தது. பெண்களுக்கு ஆதரவாக அனைவரும் ரிப்பன் அணிவது என்று முடிவாகி, நிறம் குறித்து மூன்று கூட்டம் நடந்தது. கறுப்பு துக்கமாக இருந்தது, சிவப்பு கட்சி மாதிரி இருந்தது. கடைசியில் ஊதா. புகைப்படத்தில் எல்லோருடைய நிறத்துக்கும் ஒத்துப்போகிறதாம். நானூறு ரிப்பன் வந்த பிறகுதான் அதைச் சட்டையில் குத்த வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"ஊக்கு யார்கிட்ட இருக்கும்?"

அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவளுக்கான ஆதரவை அவளே நானூறு பேருக்கும் குத்திவிட்டாள். அப்பாவின் சட்டைக்கு வந்ததும் கையை இறக்கிக்கொண்டாள். அவருக்கு ஸ்டேப்ளர் அடித்தார்கள்.

படப்பிடிப்புத் தளத்தில் நானூறு பேரும் வரிசையாக நின்றோம். ஒரு நிமிட மௌனம். சங்கத்தின் உறுதியை வருங்காலத் தலைமுறை அறியும் பொருட்டு அதைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. ஹெட்ஃபோனை மாட்டினேன். "சைலன்ஸ்!" என்றேன். "ரோலிங்."

நல்ல மௌனமாக வந்துகொண்டிருந்தது. நானூறு பேர் மூச்சைப் பிடித்து நிற்பது லேசில் கிடைக்காது. முப்பது விநாடி போயிருக்கும். முதல் வரிசையில், ஸ்டாண்டில் வைத்திருந்த மைக்குக்குப் பக்கத்தில், ஊக்கு வாயிலிருந்த ஊக்குகளை எடுத்தாள்.

"சவுண்ட் அண்ணா, கேக்குதா?"

இருபத்தெட்டு வருடப் பழக்கம். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும் முன்பே என் கை மேலே போய்விட்டது. நானூறு பேருக்கு எதிரே, கட்டைவிரல் நேராக நின்றது.

அவள் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "பார்த்தீங்களா? பார்த்தவங்கதானே சாட்சி? இப்ப பார்த்தீங்கல்ல?"

நீதிபதியம்மா கைப்பையில் சுத்தியலைத் துழாவி எடுத்தார். தட்ட மேசை இல்லாததால் எடிட்டர் முதுகைக் கொடுத்தார்.

"இங்கே யாராவது எதையாவது பார்த்தீங்களா?"

மௌன அஞ்சலியின்போது கண்ணை மூடியிருந்ததாக நானூறு பேரும் சொன்னார்கள். கேமராமேன் இந்த முறை இரண்டு கண்களையும் மூடியிருந்தார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். என் விரல் இன்னும் மேலேயே இருந்தது. எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்று போல அதை இன்னொரு கையால் பிடித்து இறக்கினேன்.

"டேக் கெட்டுப்போச்சு" என்றேன். "இன்னொண்ணு போலாம்."

இரண்டாவது டேக் அருமையாக வந்தது. அப்போது ஊக்கு வரிசையில் இல்லை. கதவு சாத்தப்படும் சத்தம் மட்டும் தொடக்கத்தில் லேசாக விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

அந்த வருடம் சிறந்த ஒலிக்கான விருதை அப்பா கையால் வாங்கினேன். அந்த ஒரு நிமிடத்தை எல்லா எடிட்டர்களும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு கனமான, அவ்வளவு சுத்தமான மௌனம் வேறெங்கும் கிடைப்பதில்லையாம். எதை வெட்டினாலும் அதைப் போட்டு மூடுகிறார்கள். கடந்த சில வருடங்களில் நீங்கள் எந்தப் படத்துக்குப் போயிருந்தாலும், இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டிருப்பீர்கள். இங்கே எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் எழுந்து சொல்லவில்லை.

அடுத்த முறை போகும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஒன்றும் கேட்காது. நான் என் வேலையில் கெட்டிக்காரன்.