காலை ஏழு மணிக்கே சூடாக இருந்த ஸ்கூட்டர்

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுத மனம் வரவில்லை. உன் அண்ணி நலம், என் மகள் நலம். எனக்கு மட்டும் வலது உள்ளங்கையில் கொப்புளம், இடது முழங்காலில் சிராய்ப்பு, நெஞ்சில் ஓயாத படபடப்பு. கையில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்து, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டியதே இவள்தான். வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர், முதல் பஸ்ஸோ ஆறரைக்கு. "ஒரு நாள் லேட்டானாலும் அடுத்த ஆள் ரெடியா இருக்காங்க" என்று அங்கே இருக்கும் மேலாளரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். ஆகவே ஸ்கூட்டர். அடுத்த தெருத் தையல்காரம்மா தன் பழைய வண்டியை விற்கப்போகிறார் என்று உன் அண்ணி செய்தி கொண்டுவந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் சோதித்து 'தகுதியானது' என்று கையெழுத்துப் போட்டவன், போட்டுவிட்டுப் படிக்கட்டில் இறங்கி வந்தவன். அதுகூடப் பரவாயில்லை. இவளுக்கு ஏழு வயசில் சைக்கிள் கற்றுக்கொடுத்தேனே, "விடமாட்டேன், விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சீட்டை விட்டேனே, புருவத்தில் மூன்று தையல். இன்றைக்கும் அவள் சிரித்தால் அந்தத் தழும்பு மேலே ஏறும், நான் வேறு பக்கம் பார்ப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. ஒளிக்காமல் சொல்கிறேன், ரொம்பப் பயமாக இருக்கிறது.

அதனால்தான் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் உன்னிடம் யோசனை கேட்டேன். நீயும் பத்துச் சோதனைகள் எழுதி அனுப்பினாய். முதல் சோதனை, 'என்ஜின் ஆறிக்கிடக்கும்போது போய்ப் பார், விற்கிறவர் முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ கோளாறை மறைக்கிறார் என்று அர்த்தம்'. இந்த வாரத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய் நின்றேன். தொட்டுப் பார் என்றாயே, எங்கே தொடுவது என்று எழுதினாயா? நான் நம்பிக்கையோடு சைலன்சரைப் பிடித்தேன். அந்தக் கொப்புளம்தான் இது. "ஏம்மா இவ்வளவு சூடா இருக்கு?" என்றால், "வெயில் சார்" என்கிறார். ஏழு மணிக்கு என்ன வெயில்? "ஓட்டினீங்களா?" என்று மிரட்டிக் கேட்டேன். "சத்தியமா நான் சாவியைக்கூடத் தொடலை சார்" என்று பல்லில் ஊசியைக் கடித்துக்கொண்டு சொன்னார். செவ்வாய்க்கிழமை போனேன், சூடு. புதன்கிழமை போனேன், சூடு. நான் ஏமாறுகிற ஆளா? ஓடிய கிலோமீட்டரைத் தினமும் சட்டைப்பை நோட்டில் குறித்துவைத்தேன். தினமும் சரியாகப் பதினான்கு கூடியிருக்கிறது! பன்னிரண்டு இல்லை, பதினைந்து இல்லை, பதினான்கு. தொடாத வண்டி தானாகப் பதினான்கு கிலோமீட்டர் போய்விட்டு வருகிறது என்றால் அது வண்டியா, பேயா, நீயே சொல்லு.

மற்ற சோதனைகளையும் விட்டேனா? புகை வெள்ளையா நீலமா பார் என்றாய். பின்னால் குனிந்து சைலன்சர் வாயில் கைக்குட்டையைப் பிடித்தேன். அந்தம்மா ஆக்ஸிலேட்டரை முறுக்கிய முறுக்கில் கைக்குட்டை எங்கே போனதென்று தெரியவில்லை, என் மூக்கு மட்டும் கறுத்தது, அதில் எப்படி நிறம் பார்ப்பது? அடிச்சட்டத்து எண்ணும் பதிவுப் புத்தகத்து எண்ணும் ஒன்றா பார் என்றாய். மண்ணெண்ணெய்த் துணியோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். மூக்குக் கண்ணாடி வீட்டில். ஆறா எட்டா என்று நான் முனகிக்கொண்டு கிடக்க, அந்தப் பக்கம் வந்த இஸ்திரிக்காரர் என் கால் இரண்டும் வெளியே நீட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் உன் அண்ணியிடம், "அக்கா, சார் வண்டிக்கு அடியில கிடக்கறாரு, முனகல் மட்டும் கேக்குது" என்று சொல்ல, அவள் கரண்டியும் கையுமாக ஓடிவர, பின்னால் பாதித் தெரு ஓடிவர, மானம் போச்சு. பிரேக் சோதனைக்கு எனக்கு ஓட்டத் தெரியாதே. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, சட்டென்று பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கால் கதை அதுதான்.

பொறுக்க முடியாமல் நேற்று ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போனேன். ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பதால் அவருக்கு இங்கே 'டாக்டர்' என்று பேர். ரொம்ப நேரம் கண்ணை மூடிக் கேட்டார். நான் வண்டியின் ஹேண்டிலைப் பற்றிக்கொண்டு, "டாக்டரே, ஹேண்டில் உதறுதே, பாத்தீங்களா?" என்றேன். அவர் என் கையை எடுத்துத் தனியாக வைத்தார். உதறல் நின்றுவிட்டது. "வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார், உங்களுக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் தையல்காரம்மாவும் ஒரு கூட்டு என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டிலோ யாருக்கும் கவலையே கிடையாது. பிள்ளை இரண்டு வாரமாக விடியற்காலையில் எழுந்து வாக்கிங் போகிறாள், நல்ல பழக்கம்தான். ஆனால் திரும்பி வரும்போது தலைமுடி மட்டும் அப்படியே படிந்து அமுங்கிப்போயிருக்கிறது. "நடந்தா முடி அமுங்குமா?" என்று உன் அண்ணியைக் கேட்டேன். "காத்து" என்றாள். அவளுக்கு எதைக் கேட்டாலும் அலட்சியம்.

ஆகவே என் முடிவு, இந்த வண்டி வேண்டாம். பத்தாவது சோதனை, 'ஓட்டத் தெரிந்தவரை ஓட்டச் சொல்லி நீ பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வா' என்று எழுதியிருந்தாயே, அதைச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன், உயிர் எனக்கு வெல்லம். நான் சொன்னால் பிள்ளை கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். இந்தக் கடிதம் கண்டவுடன், 'உன் அப்பா சொல்வதே சரி' என்று உன் கைப்பட அவளுக்கு எழுது. வேலை போனால் போகட்டும், வேறு வேலை வராதா, வேறு பிள்ளை வருமா எனக்கு?

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைகள் நூறாண்டு இருக்கட்டும், சக்கரம் வைத்த எதிலும் ஏறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலமே நாடும் அண்ணன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் படிக்காதே. ஒட்டிய உறையைப் பிரித்து, வெள்ளிக்கிழமை காலை லேப் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உன் அண்ணி எழுந்திருக்கும் முன் தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று ஐந்தரை மணிக்குக் கடிதத்தோடு தெருமுனைக்கு வந்தேன். எதிரே தையல்காரம்மாவின் பேய் வண்டி வந்தது. ஓட்டிவந்த ஹெல்மெட் என்னைப் பார்த்ததும் நின்று, "ஐயோ, அப்பா!" என்றது. இரண்டு வாரமாக இதுதான் வாக்கிங்காம். லேபுக்குப் போய்த் திரும்பிப் பழகுகிறாளாம், ஏழும் ஏழும் பதினான்கு. லைசென்ஸ் எடுத்தே இரண்டு மாசமாம். வண்டியைப் போன மாசமே சித்தப்பா பார்த்து நல்லதென்று சொல்லிவிட்டாராம். இங்கே வந்திருந்தபோது முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போய் அதே முடியோடு திரும்பிவந்தாயே, அன்றைக்கா, அயோக்கியப் பயலே? "உங்க பயம் போகணும்னுதான் சித்தப்பா பத்து சோதனை எழுதினாரு. ஆனா அது கூடிப்போச்சு" என்கிறாள். "ஏறுங்கப்பா" என்றாள். ஏறினேன். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவித்தேன். என் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "இந்தத் தடவை விட்டுடாதீங்க" என்று சிரித்தாள். வண்டிக் கண்ணாடியில் அந்தத் தழும்பு மேலே ஏறியது. ஆக, பத்தாவது சோதனையும் முடிந்தது தம்பி. வண்டி கொஞ்சமும் ஆடவில்லை, நான்தான் ஆடினேன். பாதி வழிக்கு மேல் நானும் ஆடவில்லை.