ஞானதாசன் கழற்றிய ஃபியூஸ்

கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் காய்கறி வெட்டப் போவதில்லை என்று ஞானதாசன் முடிவெடுத்துவிட்டார். வெளியே சொல்ல முடியாத முடிவு. ஆனாலும் உறுதியான முடிவு.

அருமனைப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆண்களெல்லாம் பெண் வீட்டு முற்றத்தில் கத்தியோடு உட்கார்ந்துவிட வேண்டும். மறுநாள் விருந்துக்கான பூசணி, சேனை, முருங்கை எல்லாம் அவர்கள் கையால்தான் வெட்டுப்படும். மூத்த மருமகன் வராவிட்டால் வம்பு. வந்தால் அதைவிட வம்பு. போன கல்யாணத்தில் ஞானதாசன் வெட்டிய சேனைத் துண்டுகளை மாமனார் வீட்டார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இது அவியலுக்கா, அடுப்புக்கா என்று கேட்டார்கள். சமையல்காரன் கூடச் சிரித்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தடவை அதே சாயங்காலம் தேங்காப்பட்டணத்தில் கால்பந்து இறுதி ஆட்டம். கல்ஃபில் அவரோடு ஒரே அறையில் கிடந்த ஃபாயிஸின் ஊர்க்காரர்கள் முதல் தடவையாக இறுதிக்கு வந்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் பூசணிக்காயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க ஞானதாசனுக்கு மனம் வரவில்லை.

திட்டம் ரொம்ப எளிது. அவருடைய பைக் எஃப்.ஐ. வண்டி. டேங்குக்குள் இருக்கும் சின்ன பம்புதான் எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளும். சாவியைத் திருப்பினால் 'ஞொய்' என்று சத்தம் வரும். அந்தப் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் ஞொய்யும் கிடையாது, வண்டியும் கிடையாது. மனைவி லிஜி கல்யாண வீட்டுக்குக் கிளம்பிப் போனதும் ஃபியூஸை மாட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்து வழியே தேங்காப்பட்டணம். அருமனையிலிருந்து பஸ்ஸில் போனால் மார்த்தாண்டத்தில் மாற வேண்டும். அங்கே மாமனார் வீடே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்தான்.

காலையிலேயே ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார். மத்தியானம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏட்டி லிஜி, வண்டி ஸ்டார்ட் ஆவல்ல."

"என்னவாக்கும்?"

"பம்புக்கு கரண்ட் போவல்ல."

"மெக்கானிக்கக் கூப்பிடட்டா?"

"நான் இருக்கும்போ மெக்கானிக் எதுக்கு? கல்ஃபுல எத்தன பில்டிங்குக்கு கரண்ட் குடுத்தவனாக்கும் நான்!"

"செரி. அப்போ பையப் பைய இருந்து பாருங்க. நான் ஆட்டோவுல போறேன். சோறு மூடி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து ஞானதாசன் இப்படி ஒரு 'செரி'யைக் கேட்டதில்லை. ஆட்டோ வளைவில் மறைந்ததும் ஓடிப்போய் ஃபியூஸை மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

ஞொய் வரவில்லை.

மறுபடி திருப்பினார். ஹெட்லைட் எரிந்தது. ஹார்ன் அலறியது. ஸ்டார்ட்டர் சுற்றோ சுற்றென்று சுற்றியது. பம்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை. பொய்க்குக் கெட்ட வண்டி நிஜத்துக்கே கெட்டுவிட்டதா? சீட்டைக் கழற்றினார். பேட்டரி முனைகளை முறுக்கினார். ஒயர்களைப் பிடுங்கித் துடைத்து மாட்டினார். ரிலேயை மாற்றிப் போட்டார். டேங்கில் காதை வைத்துக் கேட்டார். தான் சொன்ன பொய்யைக் கர்த்தர் கையோடு பலிக்க வைத்துவிட்டாரோ என்று பயம்கூட வந்தது. ஃபாயிஸுக்குப் போன் போட்டார்.

"ஏலே ஃபாயிஸ், பம்பு சத்தம் வரல்லலே!"

"தட்டிப் பாத்தியா மக்கா?"

"தட்டினேன்."

"சவுட்டிப் பாத்தியா?"

"சவுட்டினேன். கால்தான் நோவுது."

"ஃபியூஸ் பாத்தியா?"

"போலே! ஃபியூஸ் நானே கழத்தி நானே மாட்டினதாக்கும். அத என்னத்த பாக்க?"

மறுமுனையில் ஃபாயிஸ் வெகுநேரம் இருமினான். இருமலா சிரிப்பா என்று ஞானதாசனுக்குப் புரியவில்லை.

"அப்போ செரி. ஒனக்குத் தெரியாத கரண்டா? இஞ்ச டீம் வந்து எறங்கியாச்சு. வைக்கட்டா?"

வைத்துவிட்டான். ஞானதாசன் கைலியெல்லாம் கிரீஸோடு, பிரித்துப் போட்ட வண்டிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அழுகைகூட வந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு டெம்போ வந்து நின்றது. முன்னால் லிஜி. பின்னால் பூசணி, சேனை, வாழைக்காய்க் குலை. அவற்றின் மேல் கத்தியோடு மாமனார், மாமனாரின் தம்பிமார், லிஜியின் தம்பி ஜிபின்.

"இதென்ன?" என்றார் ஞானதாசன்.

"வண்டி கேடாயிப் போச்சுல்லா? நீங்க எப்பிடி வருவிய?" என்று லிஜி இறங்கினாள். "கல்யாண மண்டபமும் இந்த ரோட்டுலதான். நம்ம முற்றமும் பெருசு. காய்கறிவெட்ட இஞ்ச வச்சிரலாம்னு அப்பாகிட்ட சொன்னேன்."

"மூத்த மருமகன் இல்லாத காய்கறிவெட்டு ஒரு காய்கறிவெட்டா?" என்று மாமனார் பாய் விரித்தார். பெரிய சேனையாகப் பார்த்து மருமகன் பக்கம் உருட்டிவிட்டார்.

லிஜி தன் பர்ஸிலிருந்து எதையோ எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். "மக்கா ஜிபின், இத அதுல போடு."

ஜிபின் போட்டான். கழற்றிக் கிடந்த சீட்டையும் மாட்டினான். சாவியைத் திருப்பினான்.

ஞொய்.

ஞானதாசனுக்கு வாய் கோணியது. "ஏட்டி! அப்போ நான் மாட்டினது?"

"அது ஒங்க பழைய சாமான் டப்பாவுல கெடந்த எரிஞ்ச ஃபியூஸ். நீங்க குளிக்கும்போ சட்டப்பையத் தடவிப் பாத்தேன், ஃபியூஸ் கெடந்துது. மாத்தி வச்சேன்."

"ஒனக்கு... எப்பிடித் தெரியும்?"

"காலத்தே ஃபாயிஸ் அண்ணனுக்க பொண்டாட்டி இர்ஷாதா கூப்பிட்டா. ராத்திரிக்கு ஒங்களுக்கு நெய்மீன் பொரிக்கணுமா, இறால் பொரிக்கணுமான்னு கேட்டா."

ஞானதாசன் கத்தியை எடுத்துக்கொண்டு சேனைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜிபின் வண்டியை உறுமவிட்டு அக்காளின் முகத்தைப் பார்த்தான்.

"சீக்கிரம் போ மக்கா," என்றாள் லிஜி. "அத்தான் வரல்ல, அவருக்குப் பதிலா நீதான் வருவேன்னு ஃபாயிஸ் அண்ணன்கிட்ட நான் மத்தியானமே சொல்லியாச்சு."